மூன்று காலைத் தேடுகிறவர்கள்

செவ்வாய்க்காரர்கள் மூன்று கால் எந்திரங்களோடு இங்கிலாந்தின் மீது படையெடுக்கும் எச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் அதன் வாசகர்களிடமிருந்து தவறாமல் ஒரு தீர்ப்பு வரும்: இதை இதுவரை ஒருவரும் ஒழுங்காகப் படமாக்கவில்லை. கதையை இங்கிலாந்திலிருந்து பிடுங்கி கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் நட்டது ஹாலிவுட்டின் முதல் குற்றம். 1953ஆம் ஆண்டுப் படத்தில் செவ்வாய்க்காரர்களின் எந்திரங்களுக்கு மூன்று கால்களையும் இல்லாமல் ஆக்கியது இரண்டாவது. 2005இல் டாம் குரூஸை ஓடவிட்டு அதைக் குடும்பக் கதையாக்கியது மூன்றாவது. நாவலின் காலத்தையும் ஊரையும் எந்திரத்தையும் மதித்தது 1978இல் ஜெஃப் வெய்ன் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒன்றுதான்; அதனால்தான் அது நிலைத்தது. ஆகவே இனி எடுப்பவர் விக்டோரியா காலத்து சர்ரே மாவட்டத்தை, குதிரை வண்டியும் கேஸ் விளக்குமாக, நாவலில் உள்ளபடியே எடுக்க வேண்டும்.

இந்தத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹார்செல் பொதுவெளி, வேபிரிட்ஜ், ஷெப்பர்டன், பட்னி, பிரிம்ரோஸ் குன்று என்று வெல்ஸ் பெயர் சொல்லிப் பெயர் சொல்லி அழிப்பதில்தான் கதையின் பயம் இருக்கிறது என்பது உண்மை. பீரங்கியை இழுத்துவரும் குதிரைகளுக்கு எதிரே செவ்வாய்க்காரர்களின் வெப்பக்கதிர் நிற்கும்போது ஏற்படும் கையாலாகாத்தனம் ஏவுகணை யுகத்தில் வராது என்பது யோசிக்க வேண்டிய வாதம். ‘தண்டர் சைல்ட்’ என்ற போர்க்கப்பல் எந்திரங்களை நோக்கி நேராகப் பாய்ந்து, அவற்றில் இரண்டைச் சாய்த்துவிட்டுத் தானும் மூழ்கும் அத்தியாயத்தை இரண்டு பெரிய ஹாலிவுட் படங்களுமே கைவிட்டது இழப்புதான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தத் தீர்ப்பு தவறு. நாவலின் உடுப்பை அதன் உயிர் என்று எடுத்துக்கொண்டதால் வந்த தவறு.

1. இது விக்டோரியா காலக் கதை என்று யார் சொன்னது? வெல்ஸ் சொல்லவில்லை. செவ்வாய்க்காரர்கள் நம்மைக் கண்காணித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். வந்து இறங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முதல் பத்தியிலேயே இது இருக்கிறது. ‘பியர்சன்ஸ்’ இதழில் தொடர் வெளியானது 1897இல், நூலானது 1898இல். அதாவது அன்றைய வாசகர் படித்தது தனக்கு இன்னும் வராத சில ஆண்டுகளின் கதையை. கதைசொல்லி சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறான். அன்று புதிதாகப் பிடித்த பைத்தியம் அது. ராணுவம் மாக்ஸிம் துப்பாக்கிகளைக் கொண்டுவருகிறது. அன்றைக்குக் கைவசமிருந்த ஆக நவீனமான கொலைக்கருவி அது. வெல்ஸ் அப்போது குடியிருந்ததே வோகிங்கில்தான். ரயில் வந்ததால் வளர்ந்த புறநகர் அது. லண்டனில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து இறங்கும் ஊர். தானும் சைக்கிளில் சுற்றி, எந்தெந்த வீட்டையும் தெருவையும் கொளுத்தலாம் என்று பார்த்துவைத்தார்.

அந்த நாவலில் என்னை உலுக்கும் இடம் வெப்பக்கதிர்கூட இல்லை. பொதுவெளியில் கருகிய உடல்கள் கிடக்க, வோகிங் ரயில் நிலையத்தில் வழக்கம்போல் பெட்டிகளைக் கழற்றி மாட்டுகிறார்கள், யாருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. 1898இல் இதைப் படித்தவர் அந்த நிலையத்தில் நேற்று இறங்கியவராக இருக்கக்கூடும். இன்று அதே காட்சியை நீராவி எஞ்சினும் தொப்பியுமாக எடுத்துக் காட்டினால் பார்ப்பவருக்குக் கிடைப்பது அருங்காட்சியகம். ‘அடடா, எவ்வளவு அழகான பெட்டி!’ என்பார்.

கதை படிப்பவரின் சொந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதை முதலில் புரிந்துகொண்டவர்கள் திருடர்கள் என்பது வேடிக்கை. நாவல் நூலாக வருவதற்கு முன்பே நியூயார்க் ஈவினிங் ஜர்னல் பத்திரிகை கதையைத் தூக்கி, இங்கிலாந்து ஊர்ப் பெயர்களையெல்லாம் நியூயார்க் வட்டாரப் பெயர்களாக்கி வெளியிட்டது. அடுத்து பாஸ்டன் போஸ்ட் அதையே பாஸ்டனுக்கு மாற்றியது. வெல்ஸ் கண்டித்தார், கண்டிக்க வேண்டியதுதான், அவர் எழுத்தைக் கண்டபடி சிதைத்திருந்தார்கள். ஆனால் நாவலில் உள்ளபடியே வேண்டும் என்கிற விசுவாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையை எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் அந்த ஊர்க்காரனுக்குக் குலை நடுங்கும் என்பது அன்றைக்கே ஒரு மாலைப் பத்திரிகைக்குத் தெரிந்திருக்கிறது.

2. அப்படியே எடுத்துப் பார்த்தாகிவிட்டது. 2005இல், டாம் குரூஸ் நடித்த ஸ்பீல்பெர்க் படம் வந்த அதே ஆண்டில், டிமோத்தி ஹைன்ஸ் என்பவர் நாவலின் சம்பவங்களை வரிசை மாறாமல் மூன்று மணி நேரப் படமாக எடுத்து டிவிடியாக வெளியிட்டார். விக்டோரியா உடை உண்டு, மூன்று கால் உண்டு, தண்டர் சைல்டும் உண்டு. அதை யாரும் கொண்டாடவில்லை. காசில்லாமல் எடுத்தார், வரைகலை பொம்மை போல இருந்தது என்று சமாதானம் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் முழு உண்மை ஆகாது. நாவலின் கதைசொல்லி பெரும்பாலும் நடக்கிறான், ஒளிகிறான், யோசிக்கிறான். அந்த யோசனைதான் நாவல். அதை விட்டுவிட்டு நடையை மட்டும் படம் பிடித்தால் ஒரு மனிதன் மூன்று மணி நேரம் நடக்கிறான்.

பிபிசிக்குக் காசுக்குப் பஞ்சமில்லை. 2019இல் மூன்று பகுதித் தொடராக, எட்வர்ட் மன்னர் காலத்து இங்கிலாந்தில் வைத்து எடுத்தார்கள். (நாவல் சொல்லும் காலத்துக்கு விக்டோரியாவைவிட இதுதான் பொருத்தம். அதற்கும் சிலர் ‘விக்டோரியா காலம் இல்லையே’ என்று கோபித்துக்கொண்டார்கள். நாவலைப் படித்துவிட்டுக் கோபித்திருக்கலாம்.) ராஃப் ஸ்பால், எலினார் டாம்லின்சன், ராபர்ட் கார்லைல் என்று நல்ல நடிகர்கள். பேரரசைப் பற்றிய வசனங்களைக்கூடப் பேசவைத்தார்கள். இருந்தும் எல்லாம் எங்கோ, எவருக்கோ, நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் நடந்ததாகவே தோன்றியது. காலத்தைக் காப்பாற்றியவர்களால் பயத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

3. இசைத்தொகுப்பு எந்தக் கட்சிக்குச் சாட்சி? விசுவாசிகள் அதைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார்கள். குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

நாவலில் தண்டர் சைல்ட் மூழ்குவதைப் பார்ப்பவன் கதைசொல்லியின் தம்பி. இசைத்தொகுப்பில் தம்பியே இல்லை. ரிச்சர்ட் பர்ட்டன் குரல் கொடுத்த பத்திரிகையாளரே கரையில் நின்று பார்க்கிறார், அவருடைய காதலி கேரி கப்பலில் போகிறாள். நாவலில் கேரி என்று யாரும் கிடையாது. கதைசொல்லிக்கு இருப்பது பெயர் சொல்லப்படாத மனைவி. நாவலின் பாதிரியார் கோழை, பெருந்தீனிக்காரர். அவரை வெல்ஸ் கொஞ்சமும் மன்னிப்பதில்லை. இசைத்தொகுப்பில் அவர் நத்தானியேல் ஆகிறார், ஃபில் லைனட்டின் குரலில் ஒரு துயர நாயகனுக்குரிய கம்பீரம் பெறுகிறார், கூடவே பெத் என்று ஒரு மனைவியும் வாய்க்கிறாள். மனித குலத்தின் மேன்மையை அவள் பாடுகிறாள். வெல்ஸ் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். கடைசியில் நாசா வருகிறது. 1898ஆம் ஆண்டு நாவலில் நாசா!

இன்னொன்று. அந்தத் தொகுப்பின் உயிர்நாடியாகப் பலர் சொல்வது ஜஸ்டின் ஹேவர்ட் பாடிய இலையுதிர்காலப் பிரிவுப் பாட்டு. அதன் மெட்டு வெல்ஸுக்காகப் பிறந்ததே அல்ல. லெகோ பொம்மை விளம்பரத்துக்காக ஜெஃப் வெய்ன் போட்ட மெட்டு அது. பொம்மை விற்றதைப் பிறகு பாட்டாக்கி, அதற்கும் பிறகு செவ்வாய்க்காரர்களின் படையெடுப்புக்கு நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல இசையமைப்பாளர் எங்கிருந்தும் எடுப்பார். ஆனால் இதைத்தான் ‘நாவலுக்கு அணுவளவும் மாறாத ஆக்கம்’ என்கிறார்கள்.

பிறகு ஏன் அது நிலைத்தது? காதைக் கொடுத்துக் கேட்டால் தெரியும். ஆரம்பத்தில் வயலின் கூட்டம் ஒரே மெட்டை இறுக்கி இறுக்கித் திரும்ப வாசிக்கிறது. அடியில் 1978ஆம் ஆண்டின் டிஸ்கோ தாளம், ஹெர்பி ஃபிளவர்ஸின் பாஸ் கிட்டார், மேலே சிந்தசைசர். வெப்பக்கதிரை எலெக்ட்ரிக் கிட்டார் கத்தலாக்கினார் வெய்ன். செவ்வாய்க்காரர்களின் ‘உல்லா’ என்ற ஓலம் நாவலில் தாளில் கிடக்கும் நான்கு எழுத்து. இவர் அதை மனிதத் தொண்டைக்கும் எந்திரத்துக்கும் நடுவிலான ஒரு குரலாக்கினார். எந்திரம் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டிய கட்டாயமே இசைக்கு இல்லை. உறையில் மைக் டிரிம் வரைந்த ஓர் ஓவியத்தைக் கொடுத்துவிட்டு மீதியை நம் தலைக்குள் கட்டவைத்துவிட்டது. விக்டோரியா காலத்து இசையில் இதைச் செய்திருந்தால் பியானோவும் பித்தளை வாத்தியமும் கேட்டிருக்கும். தன் காலத்தின் ஆகப் புதிய ஓசையை எடுத்தாண்டதால்தான், மாக்ஸிம் துப்பாக்கியையும் சைக்கிளையும் எடுத்தாண்ட வெல்ஸுக்கு வெய்ன் பக்கத்தில் வருகிறார். ஆக, சாட்சி என் கட்சிக்காரர்.

4. நவீன ஆயுதம் வந்தால் கையாலாகாத்தனம் போய்விடுமா? 1953ஆம் ஆண்டுப் படத்துக்குப் பதில் சொல்லுங்கள். ஹிரோஷிமா நடந்து எட்டே ஆண்டுகள். அமெரிக்க விமானம் வந்து அணுகுண்டைப் போடுகிறது. தூசி அடங்குவதற்குள் எந்திரங்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் அதற்குள்ளிருந்து மிதந்து வருகின்றன. தன்னிடமிருந்த கடைசிப் பெரிய ஆயுதத்தைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது என்று அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்கு உறைத்திருக்கும். வெல்ஸ் பீரங்கியை வைத்து ஆங்கிலேயருக்குச் செய்ததை இயக்குநர் பைரன் ஹாஸ்கின் அணுகுண்டை வைத்து அமெரிக்கருக்குச் செய்தார். கால் போனது பெரிய விஷயமா? நாகப்பாம்பு தலை தூக்கியது போன்ற கழுத்தும் செம்பு நிற உடலுமாக ஆல் நொசாகி வடிவமைத்த அந்த எந்திரம் மூன்று காலைவிட எனக்கு அதிகப் பயம் தருகிறது. சிறப்புத் தோற்றங்களுக்கு ஆஸ்காரும் கிடைத்தது.

5. உண்மையான துரோகம் நடந்த இடத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. இதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த 1953ஆம் ஆண்டுப் படத்தின் முடிவைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் எரிகிறது. நாயகன் ஃபாரஸ்டர் ஒவ்வொரு தேவாலயமாகக் காதலியைத் தேடிப் போகிறான். ஜனங்கள் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். எந்திரம் வாசலிலேயே விழுகிறது, உள்ளிருந்து நீளும் கை துவண்டு சாகிறது. முன்னதாக ஒரு போதகர் பைபிளை ஏந்திச் செவ்வாய்க்காரர்களை நோக்கி நடந்து தியாகியாகிறார். நாவலில் பாதிரியாரின் கதி என்ன? இடிந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கையில் அவர் சத்தம் போட, காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் கதைசொல்லி இறைச்சி வெட்டும் கத்தியின் பின்பக்கத்தால் அவரை அடித்து வீழ்த்துகிறான். செவ்வாய்க்காரர்கள் உடலை இழுத்துப் போகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் கலிஃபோர்னியாவுக்கும் சர்ரேவுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

செவ்வாய்க்காரர்களைக் கடைசியில் கொல்வது கடவுள் தம் ஞானத்தால் வைத்த நுண்ணுயிரே என்ற பேச்சு நாவலிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதை ஒட்டியே, கணக்கற்ற மனித உயிர்களைப் பலி கொடுத்துத்தான் இந்த எதிர்ப்புச் சக்தியை நாம் சம்பாதித்தோம் என்ற டார்வின் வழி விளக்கமும் இருக்கிறது. படம் கடவுளை வைத்துக்கொண்டது, எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஒரு வரியும் சொன்னது, அதற்குக் கொடுத்த விலையை மட்டும் விட்டுவிட்டது. அந்த விலையைத் தன் முடிவுரையில் சொன்னது ஸ்பீல்பெர்க் படம். ‘குடும்பக் கதை’ என்று ஏளனம் செய்யப்படுகிற அதே படம்.

இதைவிடப் பெரிதாக விட்டுவிடப்பட்டது நாவலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்பளிக்கும் முன் நாம் செய்ததை எண்ணிப் பாருங்கள் என்கிறார் வெல்ஸ். காட்டெருமையையும் டோடோ பறவையையும் சொல்லிவிட்டு, ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே ஆண்டுகளில் டாஸ்மேனிய மக்களை அழித்தொழித்ததைச் சொல்கிறார். (அவர் சொல்லும் விதத்தில் அக்கால வெள்ளையரின் இனத்திமிர் ஒட்டியிருக்கிறது. டாஸ்மேனியப் பழங்குடியினரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) நாவலின் விதையே அங்கேதான் விழுந்தது. சர்ரே வழியே நடந்துபோகையில் அண்ணன் ஃபிராங்க் டாஸ்மேனியாவைப் பற்றிப் பேசினார்; வேற்றுக்கிரகத்தார் திடீரென்று இங்கே வந்து இறங்கினால் எப்படியிருக்கும் என்று கேட்டார். நூலை வெல்ஸ் அவருக்கே காணிக்கையாக்கினார். உலகத்தின் நான்கில் ஒரு பங்கை ஆண்ட நாட்டின் குடிமகனைப் பிடித்து, ‘நீ அவர்களுக்குச் செய்தது உனக்கு நடந்தால்?’ என்று அவன் வீட்டு வாசலிலேயே கேட்ட புத்தகம் இது. அதே ஆட்சியின் கீழ் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தவர்களுக்குக் கேள்வி இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

1953ஆம் ஆண்டுப் படம் அந்த இடத்தில் கோள்களைச் சுற்றிக் காட்டுகிறது. டாஸ்மேனியா இல்லை. 1978இன் இசைத்தொகுப்பு முதல் பத்தியைக் கம்பீரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதிலும் இல்லை. ஸ்பீல்பெர்க்கின் முன்னுரையிலும் இல்லை. காலுக்காக எழுபது ஆண்டு அழுதவர்களில் எத்தனை பேர் இதற்காக ஒரு வரி எழுதினார்கள்? 1953ஆம் ஆண்டுப் படத்தின் எந்திரங்களை வடிவமைத்த நொசாகி, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு மன்சனார் முகாமில் அடைத்துவைத்தவர்களில் ஒருவர். குற்றம்சாட்டப்பட வேண்டிய அரசின் கதை அந்தப் படப்பிடிப்புத் தளத்திலேயே, வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

6. அப்படியானால் ஸ்பீல்பெர்க் படம்? டாஸ்மேனியாவைச் சொல்லாமலே அதன் பக்கத்தில் போனது அதுதான் என்பேன். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் ரே (டாம் குரூஸ்) வீட்டுக்கு ஓடி வந்து கண்ணாடி பார்க்கும்போது அவன் மேலெல்லாம் சாம்பல். அது மனிதர்களின் சாம்பல். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து நான்கே ஆண்டுகளில் திரைக்கு வந்த காட்சி. பிறகு ஓடக்கூடிய ஒரே வண்டியைக் கூட்டம் சூழ்கிறது. கண்ணாடியை வெறுங்கையால் பிய்க்கிறார்கள். ரே துப்பாக்கி எடுக்கிறான், வேறொருவன் அவனுக்குத் துப்பாக்கி காட்டி வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறான். நாவலில் கதைசொல்லியின் தம்பி, இரண்டு பெண்களின் குதிரை வண்டியைப் பறிக்க வருபவர்களோடு சண்டையிடும் இடம்தான் இது. பாதிரியார் கொலையும் இருக்கிறது. நிலவறையில் ரே தன் மகளின் கண்ணைக் கட்டி, காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொல்லிவிட்டு, கதவை மூடிக்கொண்டு உள்ளே போய், தங்களோடு ஒளிந்திருக்கும் ஓகில்வியைக் கொல்கிறான். மூடிய கதவும் சிறுமியின் முகமும் மட்டும்தான் நமக்குத் தெரியும். வல்லரசின் குடிமகன் மூட்டை முடிச்சோடு அகதியாகத் தெருவில் நிற்கிறான். தப்பிக்கக் கொலையும் செய்கிறான். உடையை மாற்றி உயிரைக் காப்பது என்றால் இதுதான்.

கடைசியில் மகன் ராபி உயிரோடு வந்து நிற்பது ஏமாற்று வேலை என்று பலரும் திட்டுகிறார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நாவலைத் திறந்து கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். செத்துவிட்டாள் என்று கதைசொல்லி முடிவுகட்டிவிட்ட மனைவி வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்கிறாள். குற்றம் என்றால் வெல்ஸிடமிருந்து ஆரம்பியுங்கள்.

காலத்தை மாற்றினால் போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025இல் ஐஸ் கியூப் நடிக்க, முழுக்கக் கணினித் திரைகளிலேயே நடப்பதாக வந்த படம் கதையை இன்றைக்குக் கொண்டுவந்தது. வேற்றுக்கிரகத்தார் நம் தரவுகளைத் தின்ன வருகிறார்கள். நல்ல கரு! நம் தரவைத் தின்பவர்கள் யார் என்று கேட்டிருந்தால் வெல்ஸ் எழுந்து கைகுலுக்கியிருப்பார். படமோ உலகைக் காப்பாற்ற அமேசானின் டிரோனை அனுப்பியது. அமேசான் தளத்திலேயே வெளியானது. 1996இல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’ இன்னொரு வகை. கிருமியை எடுத்துவிட்டுக் கணினி வைரஸை வைத்தது. மனிதன் தானே எழுதி அனுப்பிய வைரஸ். வெல்ஸின் மனிதன் தோற்றவன். அவனைக் காப்பாற்றியது அவன் கண்ணுக்கே தெரியாத ஒன்று. அதை வெற்றி விழாவாக மாற்றியதற்கு எந்த விசுவாசியும் கொடி பிடிக்கவில்லை, பெயர் வேறாக இருந்ததால்.

கால் எத்தனை, தொப்பி எந்தக் காலத்துத் தொப்பி என்று எண்ணிக்கொண்டிருக்கும் விமரிசனத்தால் லாபம் தயாரிப்பாளருக்குத்தான். மூன்று காலைக் காட்டினால் விசுவாசம் என்ற பட்டம் கிடைக்கும். பார்ப்பவனைச் சங்கடப்படுத்தும் கேள்வியை நிம்மதியாக வெட்டிவிடலாம்.

வெல்ஸ் இறந்தது 1946இல். பிரிட்டனில் நாவலின் காப்புரிமை 2016ஆம் ஆண்டோடு முடிந்தது. இந்தியாவில் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே முடிந்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எடுக்க நினைப்பவர் செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்கும் உருளையைத் தன் ஊர்ப் பொட்டலில் விழவைக்கட்டும், எந்திரத்துக்கு எத்தனை கால் வேண்டுமானாலும் வைக்கட்டும். முதல் அத்தியாயத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.